அண்ணன் மறுக்கவில்லை

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டி ஏறியதிலிருந்து ஜெயசுதா போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அண்ணன் பழனிவேல் இன்னும் மறுக்கவில்லை.

பழனிவேலுக்கு அரியலூரில் சிமெண்டு ஆலை வேலை. தனிக்கட்டை. பேங்க், மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் என்று அத்தனை பாஸ்வேர்டையும் ஒரே ஆப்பில் போட்டுப் பூட்டி வைத்திருப்பவன். அந்தப் பெட்டிக்குத் தங்கையை அவசர ஆளாகச் சேர்த்ததும் அவன்தான். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் திறக்கச் சொல்லி அவள் ஆப்பிலேயே கேட்கலாம். ஒரு நாளைக்குள் அவன் மறுக்காவிட்டால் பெட்டி அவளுக்குத் திறந்துவிடும்.

அதெல்லாம் பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் செய்தது.

மகளின் காதுகுத்துப் பத்திரிகையை ஜெயசுதா ஊருக்கெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினாள். அனுப்பிய கையோடு தாய்மாமனுக்கும் ஒன்று தட்டிவிட்டாள். தாம்பூலம் வைத்து அழைக்காத விசேஷத்துக்கு வரமாட்டேன் என்று மாமன் முறுக்கிக்கொண்டான். அவளுக்கும் வீம்பு குறைச்சலில்லை. வரும் ஞாயிறு செட்டிகுளம் மலையில் காது குத்த வேண்டும். பிள்ளையை உட்கார வைக்க மாமன் மடி இல்லை.

போன் செய்தால் எடுப்பதில்லை. தனியாகக் கிடக்கிறவன் சாப்பிட்டானா, நைட் ஷிப்டு முடிந்து ஒழுங்காக வந்தானா என்று யாரைக் கேட்பது?

ஜெயசுதா ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் காலையில் டீ கொதிக்கும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்பாள். டீயைக் குடித்து முடிப்பதற்குள் ‘மறுக்கப்பட்டது’ என்று வந்துவிடும். இருக்கிறான், கோபம் குறையாமல் நன்றாகவே இருக்கிறான் என்று அடுத்த வேலையைப் பார்ப்பாள். அவளை அந்த ஆப்பிலிருந்தே தூக்கிவிட அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். தூக்கவில்லை.

நேற்றுக் காலை கேட்டதற்குத்தான் பதிலே இல்லை.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு, பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, கட்டிய சேலையோடு கிளம்பிவிட்டாள்.

பேரளி தாண்டியதும் போன் சிணுங்கியது.

பெட்டி திறந்துவிட்டது.

அண்ணனின் சேமிப்பெல்லாம் வரிசையாக அவள் கைக்குள் வந்து நின்றது. அவள் ஒன்றையும் தொடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அரியலூரில் இறங்கி ஓடியவள், அண்ணன் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தாள்.

திறந்தது பழனிவேல்தான். குளித்து, பட்டை போட்டு, சலவை வேட்டியில் ஜம்மென்று நின்றான்.

“உன்னைய நேர்ல வர வைக்க என் உசுரே போவணும் போலருக்கு.”

வந்த ஆத்திரத்தில் அவன் தோளில் நாலு வைத்தாள். பிறகு அதே தோளில் சாய்ந்து அழுது தீர்த்தாள். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அழுகை ஓய்ந்ததும் அவன் உள்ளே போய் ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெற்றிலை, பாக்கு, பூவன்பழம், தேங்காய், கற்கண்டு. விடிந்ததும் விடியாததுமாகக் கடைக்குப் போய் வாங்கி அடுக்கியிருக்கிறான். வெற்றிலையில் ஈரம்கூடக் காயவில்லை.

அதை அவள் கையில் கொடுத்து, அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜெயசுதா முகத்தைத் துடைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தாம்பாளத்தை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, இப்போதுதான் வந்து சேர்ந்தவள் போல நிதானமாகக் கதவைத் தட்டினாள்.

“யாருங்க அது?” என்றது உள்ளேயிருந்து மாமன் குரல்.