நுரை பார்த்த சம்பந்தம்

மாப்பிள்ளை வீட்டுக்குள் கால் வைத்ததுமே, "பாத்ரூம் எங்கன இருக்கு மதினி?" என்று பூமயில் கேட்டுவிட்டாள். கூட வந்த கணவர் தர்மராஜுக்கு மானம் போனது.

"வந்ததும் வராததுமா ஏன்டி?" என்று காதோரம் கடிந்துகொண்டார்.

"நீங்க நெலபுலத்தை விசாரிங்க. நான் பாக்க வேண்டியது அங்கனதான் இருக்கு."

உப்பூர் பஸ்ஸில் வரும்போதே அவள் கைப்பையில் ஒரு புதுச் சோப்பு இருந்தது.

இருபத்தாறு வருஷமாக அவள் வீட்டுத் தண்ணீர் உப்பு. எந்தச் சோப்பைத் தேய்த்தாலும் நுரைக்காது, திரிந்த பால் மாதிரி உடம்பில் ஒட்டும். நல்ல தண்ணீருக்கு எட்டுக் குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளித் தள்ளி இடுப்பே போய்விட்டது. "நகை நட்டு வேணாம்மா, தண்ணி உள்ள வீடாப் பாரு" என்று மகள் சத்யப்பிரியா கேட்டது அந்த ஒன்றைத்தான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். நுரை பொய் சொல்லாது என்று பூமயில் நம்பினாள்.

மாப்பிள்ளையின் அம்மா வெள்ளையம்மாள் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். "கொழா கொஞ்சம் கோளாறு. தொட்டியில மோந்துக்கங்க மதினி."

குழாயில் துணி சுற்றிக் கட்டியிருந்தது. பூமயில் பையிலிருந்து சோப்பை எடுத்தபோது, இது எதுக்கு என்று வெள்ளையம்மாள் கேட்கவில்லை.

இரண்டே தேய்ப்பு. நுரை முழங்கை வரை பொங்கியது. முகத்துக்குப் போட்டாள், கழுத்துக்குப் போட்டாள். இனி மகள் தினமும் இப்படிக் குளிப்பாள் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

கூடத்துக்கு வந்து கணவரிடம், "எலையப் போடச் சொல்லுங்க, கை நனைப்போம்" என்றாள்.

பெண் வீட்டார் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாறினால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். பாயசம் வரை சாப்பிட்டு, வெற்றிலை பாக்கும் மாற்றிக்கொண்டார்கள்.

கிளம்பும்போதுதான் சோப்பு ஞாபகம் வந்தது. கொல்லைக்குப் போனால், எல்லோரும் கை கழுவியதில் தொட்டி காலி. பூமயில் துணியை அவிழ்த்துக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நன்றாகவே வந்தது.

சோப்பைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். திரிந்த பால்தான் கையில் ஒட்டியது.

பின்னால் வெள்ளையம்மாள் வந்து நின்றாள்.

"தொட்டியில இருந்தது?" என்றாள் பூமயில்.

"காலையில லாரியில வந்த தண்ணி."

"ஒரு பொம்பளையா இருந்துக்கிட்டு இப்படிச் செய்யலாமா மதினி?"

வெள்ளையம்மாள் குழாயை மூடினாள். ஜெயித்த களை அவள் முகத்தில் துளியும் இல்லை.

"எங்க ஆத்தாளும் இந்தக் கொல்லைக்குச் சோப்போடதான் வந்துச்சு."