கூட வந்தவள்

"தலையை அசைக்காதீங்க. என் விரலை மட்டும் கண்ணால பாருங்க" என்றார் மனநல ஆலோசகர் ஷாலின். அவரது இரு விரல்கள் இடமும் வலமுமாகப் போய்வந்தன. டெனிசனின் கண்கள் அவற்றைத் தொடர்ந்தன. விபத்தின் அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்கான சிகிச்சை அது.

"இப்போ என்ன தெரியுது?"

"பிரஸ் மெஷின், மேடம். நான்தான் பட்டனை அமுக்குறேன். உள்ள ஒரு கை கீது."

ஒரகடம் தொழிற்சாலையில் அந்த விபத்து நடந்ததிலிருந்து அவன் வேலைக்குப் போகவில்லை. நான்கு வாரமாகப் பாண்டிச்செல்விதான் பிடிவாதமாக அவனை இங்கே அழைத்து வருகிறாள்.

அவன் முகம் கழுவப் போனதும் ஷாலின் அவளிடம் சொன்னார்: "இன்னைக்குத்தான் வாய் திறந்திருக்காரு. நல்ல முன்னேற்றம். இத்தனை நாளா கேக்கவே இல்ல, நீங்க அவரோட ஒய்ஃபா?"

"இல்ல மேடம். அதே லைன்ல வேலை பாத்தேன்."

"கூட வேலை பாத்தவருக்காகவா இவ்வளவு அலையுறீங்க?"

பாண்டிச்செல்வி துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். அது மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"மெஷின்ல மாட்டுனது என் கைதான் மேடம். கை உள்ள இருந்தா மெஷினை நிறுத்துற சென்சார் வேலை செய்யல. அவரு மேல தப்பில்லன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்காரு. நீங்க சொன்னாலாவது தூங்குவாரு."