மேஜை மேல் தேரை

"பில்டை உடைச்சது யாரு?"

ரஸ்ஸல் போட்ட கத்தலில் காபி மெஷின் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையில் பஞ்சு அடைத்த கரும்புத் தேரை, இங்கே கரும்புத் தோட்டங்களில் திரியும் பெரிய ரகம்.

டவுன்ஸ்வில்லில் எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. நாங்கள் எழுதும் புரோகிராமை ஒரு விண்டோஸ் மெஷின் தானாகவே சேர்த்துக் கட்டிப் பார்க்கும்; அதற்குப் பெயர் பில்ட். கட்ட முடியாமல் போனால் கடைசியாகக் கைவைத்தவர் பெயர் திரையில் சிவக்கும். அவர் மேஜைக்குத் தேரை போகும்.

அன்றைக்குச் சிவந்தது கெய்லாவின் பெயர்.

வேறு நாளாக இருந்தால் கிண்டலடித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அவளுடைய சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போவதா என்பது மேனேஜர் ரஸ்ஸல் கையில்.

"புயல் எச்சரிக்கை ஆப் இன்னிக்கு நகரசபைக்குப் போகணும். இப்படிக் குட்டிச்சுவராக்கி வச்சிருக்கியே!"

"நான் ஒரு பட்டனோட கலரைத்தான் மாத்தினேன், ரஸ்ஸல்."

"அப்போ சர்வர் விலாசம் இருக்கிற வேரியபிள் எப்படிக் காலியாச்சு? பில்ட்ல ஒரு படியில சும்மா வச்சா அடுத்த படிக்கு வராது, அங்கேயே செத்துப்போகும்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். எதையும் கையால வைக்காதே, மெஷின் படிச்சுச் செய்யற வொர்க்ஃப்ளோ ஃபைல்ல எழுதுன்னு சுவத்துல ஒட்டியே வச்சிருக்கேன். கண்ணு அவிஞ்சா போச்சு?"

கெய்லா அந்த ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அந்த வேரியபிளே இதுல இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. யாரோ பழைய மெஷின்லயே நேரா கையால வச்சிருக்காங்க. பழசு புகைஞ்சு போய், சனிக்கிழமை புதுசு வந்துச்சில்ல? அதோட இதுவும் போயிடுச்சு. அதுக்கப்புறம் முதல்ல கைவச்சது நான், அதான் என் பேரு."

ரஸ்ஸல் முன்னைவிட அதிகமாகக் கத்தினான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! உன் தப்பைத் தூக்கி மெஷின் மேல போடறியா? பாஸ் கார்டை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வா. உன் கதை முடிஞ்சுது."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குள் மூலையில் இருந்த நெவில் எழுந்துவிட்டார். எங்கள் எல்லாரிலும் மூத்தவர்.

"கையால வச்சது நான்தான். அவளை விட்டுடு."

ரஸ்ஸல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்கு வெட்கமா இல்ல, நெவில்? சீனியர் நீங்களே ரூலை மதிக்கலன்னா, மத்தவங்க எப்படி மதிப்பாங்க?" என்று தேரையை அவர் கீபோர்டு மேலேயே பொத்தென்று வைத்தான். கெய்லாவின் முகத்தைப் பார்க்காமல், "நீ போய் அதைச் சரிபண்ணு. நாளையிலிருந்து நீ பர்மனென்ட்" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கெய்லா ஃபைலில் ஒரு வரி சேர்த்தாள். திரை பச்சையானது. எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. டீ ரூமில் லாமிங்டன் கேக்கைக் கடித்துக்கொண்டிருந்த நெவிலைப் பிடித்துக்கொண்டேன்.

"யோவ் நெவில், நீயெல்லாம் ஒரு மனுஷனா? தப்பு பண்ணினது நீ, வாங்கிக் கட்டிக்கிட்டது அந்தப் பொண்ணு! அவன் அவளை நார் நாராக் கிழிச்சப்போ வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? அவ வேலை போயிருந்தா?"

"போகலையே."

"அதுக்கு உனக்கு மெடல் குத்தணுமா? முதல்ல அந்த மெஷின்ல எதுக்குய்யா கையை வச்சே?"

நெவில் சட்டையில் சிந்திய தேங்காய்த் துருவலைத் தட்டிவிட்டார்.

"நான் எங்கப்பா வச்சேன்? அந்த மெஷினுக்குப் பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளு, என் மேஜையில தேரையை வச்சுட்டு ரூமுக்குள்ள போய்ட்டான்."