ஊறிய கரணைகள்

மாசிலாமணி, விதைக்கென வெட்டிய கரும்புத் துண்டுகளை, கரணைகளை, நுண்ணுயிர்க் கரைசலில் நனைத்துத்தான் நட்டான். "இந்தக் கிருமி கரும்புக்குள்ளயே குடியிருந்து காத்துல இருக்கிற சத்தை எடுத்துக் குடுக்கும்" என்று மனைவி செந்தாமரையிடம் சொன்னான். பயிர் முழங்காலுக்கு வருமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். யூரியா போட ஆளில்லை. ஆனாலும் கரும்பு கருகருவென்று வளர்ந்தது. அவன் விட்டுப்போன உயிர் உள்ளே இருக்கிறது என்று அவள் கரும்பின் சோகை இலையைத் தடவிக்கொடுப்பாள். வெட்டு முடிந்ததும் அதிலிருந்தே விதைக்கரணை எடுத்தாள். நடவன்று காலையில் கரணைகள் ஊறிய தொட்டித் தண்ணீர் வெள்ளையாகக் கிடந்தது. "அழுகக் கூடாதுன்னு மருந்து கலந்து ஊறப்போட்டேன் அண்ணி. ஒரு கிருமி மிஞ்சாது" என்றான் கொழுந்தன் தணிகாசலம். அவள் ஒவ்வொரு கரணையாக எடுத்து மோட்டார் தண்ணீரில் கழுவ ஆரம்பித்தாள். கரண்ட் போய்த் தண்ணீர் நின்ற பிறகும் அவள் கை நிற்கவில்லை.