கறுத்த கண்ணாடி

2071ஆம் ஆண்டு நவம்பர் 14. காலை முதல் விடாத தூறல். ஈரோட்டு மருத்துவமனை ஒன்றில், குறைமாதத்தில் பிறந்த மகள் கிடந்த கண்ணாடிப்பெட்டியின் முன் தெய்வானை இருப்புக்கொள்ளாமல் நின்றாள். பெட்டிச் சுவரின் திரவப் படிகத்தில் மிதந்த காந்தத் துகள்கள், குழந்தையின் மூச்சு தடுமாறினால் நிலைமாறிக் கண்ணாடியைக் கறுக்கச் செய்யும். ஆதலால் அவள் கண்ணிமைக்கவும் அஞ்சினாள்.

கணவன் செங்கோடன் பெட்டியைச் சுற்றிவந்து நின்றான். சற்றைக்கெல்லாம் கண்ணாடி கறுத்தது.

அவளது அலறல் கேட்டு ஓடிவந்த செவிலி சகாயமேரி மூடியைத் திறந்தாள். மூச்சு சீராகவே இருந்தது. பெட்டியின் பின்புறம் ஓர் இரும்புச் சாவி கட்டியிருந்தது.

"யாரு வேலை இது?"

"பச்சக் கொழந்தை பக்கத்துல இரும்பு இருக்கோணுமுங்க. காத்துக்கருப்பு அண்டாதுங்க," என்றான் செங்கோடன்.

"அது அண்டல. கண்ணாடிதான் கெட்டுப்போச்சு."

சாவியை அகற்றிய பின்னும் துகள்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மாற்றுக் கண்ணாடி வரும்வரை, பக்கத்துத் துளை வழியே குழந்தையின் நெஞ்சில் கைவைத்து மூச்சைக் கவனிக்குமாறு செவிலி பணித்தாள். பிறந்தது முதல் தொட்டறியாத மகளைத் தெய்வானை தொட்டாள். சின்னஞ்சிறு நெஞ்சு உள்ளங்கைக்குக் கீழே எழுந்து தாழ்ந்தது.

மாலை நான்கரை மணிக்குப் புதிய கண்ணாடி பொருத்தப்பட்டது.

"கைய எடும்மா, இனி அதுவே பாத்துக்கும்."

"செத்த நேரம் இருக்கட்டுங்க. கண்ணாடிய விட இது நல்லாத் தெரியுதுங்க."

அவள் கையை எடுத்தபோது மணி ஐந்து இருபது.