கணவர் பெயர்

“பூவைக் கொஞ்சம் முன்னால இழுத்து விட்டுக்க” என்றார் பக்கத்தில் இருந்தவர். வரும் வழியில் தேக்கா மார்க்கெட்டில் அவரே வாங்கிக் கொடுத்த பூ. சந்திரமதி அதைத் தோள்மேல் சரித்துக்கொண்டாள்.

குடிநுழைவு அலுவலகத்தின் நீண்ட பெஞ்சில் இருவரும் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஊரில் தங்க அவளுக்குக் கொடுத்த பாஸ் சனிக்கிழமையோடு முடிகிறது. நீட்டித்துத் தராவிட்டால் திங்கட்கிழமை நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

நாலு வருடத்துக்கு முன் அழகப்பன் மனைவி என்று எழுதிய தாளோடு இந்த ஊரில் வந்து இறங்கியவள் அவள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு சண்டையில் அழகப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஈப்போவில் வேறொரு குடித்தனம் என்று கேள்வி. யாரோ அதை மொட்டைக் கடிதமாக எழுதிப் போட்டுவிட, புருஷனோடு நேரில் வரும்படி ஆபீசிலிருந்து தாள் வந்தது.

தன் பேரிலேயே பாஸ் வாங்க முடியாதா என்று சிராங்கூன் சாலையில் மனு எழுதுபவரிடம் போய்க் கேட்டாள். புருஷன் கையெழுத்தில் வந்தவள் புருஷன் கையெழுத்தில்தான் இருக்க முடியும் என்றார் அவர். தையல் கடையில் அவள் காஜா எடுப்பதையெல்லாம் துரைமார் ஒரு வேலையாக ஒப்புக்கொள்ள மாட்டார்களாம்.

தான் ஒருத்தி மட்டும் என்றால் கப்பலேறியிருப்பாள். மூன்று வயது மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த வருடம் ஊரெல்லாம் பரவிய இளம்பிள்ளை வாதம் அவன் கால்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, மூச்சிலும் கை வைத்திருந்தது. கட்டிலை விட்டு நகர்த்தவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

துறைமுக வாசலில், சாப்பாட்டுக் கடைகளில், ஈப்போ பஸ் நிற்கும் இடத்தில் என்று போய்ப் போய், அழகப்பன் என்று ஒருத்தரைப் பார்த்தீர்களா என்று பார்த்தவர்களையெல்லாம் விசாரித்தாள். ஐந்து மாதம் அதுதான் அவள் வேலை. நேற்று சாயங்காலம், “அழாத. நாளைக்கு ஆபீசுக்கு நான் வர்றேன்” என்று இவர் சொன்னபோது, அப்படியே காலில் விழுந்துவிட்டாள்.

கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல யாழ்ப்பாணத்துக் கிளார்க் கந்தப்பு. கந்தப்புவிடம் பொய் செல்லாது, போன வாரம்கூட ஒருத்தியைப் பிடித்துக் கொடுத்துவிட்டார் என்று மனு எழுதுபவர் எச்சரித்திருந்தார்.

முன்னால் நின்ற பெண்ணிடம் கந்தப்பு கணவர் பெயரைக் கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “முருகனுக்கு அண்ணன் பேரு” என்றாள். அவர் சலிப்போடு விநாயகம் என்று எழுதிக்கொண்டார். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்தது சந்திரமதி.

“புருஷன்ட பேர் என்ன, பிள்ளை?”

“அழகப்பன்” என்றாள், கேள்வி முடிவதற்குள்.

கந்தப்புவின் பேனா நின்றது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக முதலில் அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். எதற்காகப் பார்க்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடையாள அட்டை எங்கே என்று கேட்டார். மழையில் நனைந்து கிழிந்து போயிற்று, புதிதுக்கு எழுதிப் போட்டிருக்கிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அழகப்பன் பேரில் இருந்த வீட்டு வாடகைச் சீட்டை எடுத்து நீட்டினார். துரை அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

“ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இருக்கிறியளோ எண்டு கேக்கிறார்.”

“ஒண்ணாத்தாங்க இருக்கோம். ஏதோ சண்டை, பேசித் தீத்துக்கிட்டோம்.” பதில் சொன்னது பக்கத்தில் நின்றவர்.

துரை சந்திரமதியைப் பார்த்து இன்னொன்று கேட்டார். இவர் திரும்பவும் போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்பதாகக் கந்தப்பு சொன்னார்.

“எம் புள்ள மூச்சு விடவே சிரமப்படுறான், ஐயா. அவன் எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் என்னை இங்க இருக்க விடுங்க. அப்புறம் எந்தக் கப்பல்ல வேணும்னாலும் ஏத்துங்க.”

கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. கந்தப்பு துரை பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். அவள் சொன்னதைவிட அவர் சொன்னது மூன்று மடங்கு நீளம். போலீசைக் கூப்பிடச் சொல்கிறார் என்றே அவள் நினைத்தாள். கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துரை தலையசைத்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளறைக்கு எழுந்து போனார். இன்னும் ஒரு வருடம்.

கந்தப்பு முத்திரை குத்தி, மை காய ஊதினார். பாஸை நீட்டியவர் உடனே கையை எடுக்கவில்லை. உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“துரைக்குத்தான் தமிழ் தெரியாது. புருஷன் பக்கத்தில நிக்கேக்க, எந்தப் பொம்பிளையும் அவன்ட பேரை இப்பிடிப் பட்டெண்டு சொல்லமாட்டாள், பிள்ளை.”

பக்கத்தில் புருஷனாக நின்ற தையல் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கந்தப்பு பாஸை அவள் கையில் விட்டார்.

“அடுத்த வருஷமும் இதே ஆளையே கூட்டிக்கொண்டு வாரும்.”