ஒரு வாய் வடை

பெண் பார்க்கப் போனவர்கள் மூவர்: மாப்பிள்ளை முகிலன், அவன் அம்மா அன்னக்கிளி, பெரியப்பா கோட்டைச்சாமி. அங்கே இருந்தவர்கள் காசிலிங்கமும் அவர் மகள் செவ்வந்தியும். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்மதம் என்றாகிவிடும் என்று கோட்டைச்சாமி காரில் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். இன்னும் இரண்டு இடம் பார்த்த பிறகே பதில் சொல்வதாக அவர் எண்ணம்.

கோயிலில் தங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கும் முதல் மரியாதையை அவர் விவரித்துக்கொண்டிருந்தபோது, மரியாதைக்காக வைத்திருந்த தட்டுக்குக் கை தானாகப் போனது. கூடம் அமைதியானதும்தான் தன் வாயில் உளுந்து வடை இருப்பது அவருக்குத் தெரிந்தது. துப்பினால் அவமானம், விழுங்கினால் கல்யாணம்.

"சட்னி வைக்கவா, மாமா?" என்றாள் செவ்வந்தி.

"நீ சும்மா இரு தாயி," என்று காசிலிங்கம் பதறினார்.

முகிலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தான். கோட்டைச்சாமி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

"வையி மருமவளே. எங்க குடும்பத்துல யோசிக்காம எதையும் வாயில வைக்கிறதில்ல."

அன்று அவர் ஒன்பது வடை தின்றதாக ஊரில் பேசுகிறார்கள். நான்குதான்.